பிரேசில்காரன் அடித்த நீலம்

ஒரு ரூபாய்த் துட்டை எடுத்து வள்ளத்தின் பின்பலகையைத் தட்டிக்கொண்டே போனேன். இடது ஓரத்தில் ‘டங்’ என்று கணீரென வந்தது. நடுவுக்கு வர வர ‘டொங்’. எஞ்சின் பிடி இறுகும் இடத்தில் ‘தப்’. அதற்கு மேல் தட்டவில்லை. துட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

“என்னண்ணே, ஃபைபர் விட்டிருக்கா?” என்று கேட்டான் வள்ளக்காரன்.

“ஃபைபர் நல்லாத்தான் இருக்கு மக்கா. உள்ளே பலகை செத்துப்போச்சு.”

2022 டிசம்பர் 5, திங்கட்கிழமை. அவனும் நானும் ஒரே கிளப்பில் ஆடியவர்கள். நான் கோல் கீப்பர், அவன் லெஃப்ட் பேக். அவன் விட்ட ஆளால் நான் வாங்கிய கோல்களுக்கு இன்றும் கணக்கு வைத்திருக்கிறேன். அவனுக்கு வள்ளம் 18-ந்தேதி ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டுமாம். மீன் பிடிக்க அல்ல. அன்றைக்கு உலகக் கோப்பை இறுதி ஆட்டம். கடற்கரையில் திரை கட்டுகிறார்கள், பக்கத்தில் அவன் வள்ளம் சீரியல் பல்பு போட்டு நிற்க வேண்டும். அதுவும் வெள்ளையும் வெளிர் நீலமுமாக, அர்ஜென்டினா சட்டை மாதிரி.

நான் பிரேசில். எங்கள் ஊரில் இதைச் சாதி, கட்சி மாதிரிதான் கேட்பார்கள். “பலகை வேலையை முடிப்போம், நிறத்தை அப்புறம் பார்க்கலாம்” என்று சொல்லிவைத்தேன். அன்றைக்கு நடுராத்திரி தாண்டி பிரேசில் தென்கொரியாவை 4-1 என்று அடித்தது. மறுநாள் காலையில் நல்ல மனநிலையில்தான் கிரைண்டரைக் கையில் எடுத்தேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் வேலை புரியும். குளச்சலுக்கும் தேங்காப்பட்டணத்துக்கும் நடுவில் ஒரு கரை எங்களுடையது. அப்பா கட்டுமரத்துக்காரர். நான் 1986-ல், பதினான்கு வயதில், பிளைவுட் வள்ளம் கட்டும் பட்டறையில் சேர்ந்தேன். அப்போது எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் பிளைவுட்தான் புதுசு. முட்டத்தில் பெல்ஜியம் நாட்டுக்காரர் பியர் ஜிலே வந்து தங்கி, அலையில் இறக்கி ஏற்றக்கூடிய சின்ன பிளைவுட் வள்ளங்களைச் செய்து பார்த்து, அந்த வேலை கரை நெடுகப் பரவியிருந்தது. பலகைகளை ஓரத்தில் துளை போட்டு செம்புக் கம்பியால் தைத்து, தையல்மேல் கண்ணாடி நாரும், கலந்தால் இறுகிக் கெட்டியாகும் ரெசின் பிசினும் போட்டு மூடுவோம். “கயிற்றால் தைத்தோம், இப்போ கம்பியால் தைக்கிறான்” என்று எங்கள் தாத்தா சொன்னது நினைவிருக்கிறது. அவர் காலத்து வள்ளங்களில் பலகைக்குப் பலகை கயிற்றுத் தையல்தானே.

அதே வருடம்தான் உலகக் கோப்பையில் மரடோனா. பங்களாவில் ஒரே ஒரு டிவி, முன்னால் ஊரே உட்கார்ந்திருந்தது. ஊரில் பாதிப் பேர் அர்ஜென்டினாக்காரர் ஆனது அந்த ஜூன் மாதத்தில்தான். எனக்கு மட்டும் பிரேசிலின் மஞ்சள் பிடித்துப்போனது. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. பிறகு இருபது வருடம் கோல் போஸ்டுக்கு நடுவில் நின்றேன். வலது சுண்டுவிரல் இரண்டு முறை உடைந்து, நீட்ட வராமல் கொக்கி மாதிரி நின்றுவிட்டது. இன்றைக்கும் ரப்பர் கையுறை போட்டால் முதலில் கிழிவது அந்த விரல்தான். கிழிசல் வழியாக ரெசின் ஏறி, அந்த நகம் மட்டும் எப்போதும் மஞ்சள்.

சரி, வேலைக்கு வருவோம்.

இது 28 அடி ஃபைபர் வள்ளம். 2005-ல் வந்தது. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு கொட்டில்பாடு, மணக்குடி என்று கரையெல்லாம் வள்ளம் இழந்து நின்றபோது, எங்கெங்கோ பட்டறை திறந்து அவசரம் அவசரமாக ஃபைபர் வள்ளங்கள் இறங்கின. அதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. இதை யார் கட்டியது என்று கேட்காதீர்கள். அன்றைக்கு இருந்த அவசரத்தில் நானே சிலதை இப்படித்தான் கட்டியிருப்பேனோ என்னவோ.

பின்பலகை என்பது எஞ்சின் தொங்கும் பலகை. வெளியே ஒரு ஃபைபர் தோல், உள்ளே ஒரு ஃபைபர் தோல், நடுவில் பிளைவுட். 9.9 குதிரைத்திறன் எஞ்சின் அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நாள் முழுக்கத் தள்ளுகிறது, அலை ஏறும்போது குலுக்குகிறது. ஃபைபர் தோலுக்குத் தண்ணீரால் பெரிய கேடு இல்லை. நடுவில் இருக்கும் மரத்துக்குத்தான் கேடு. தண்ணீர் எப்படிப் போகும்? போல்ட் துளை வழியாக. துளை போட்டவர்கள் வெறும் மரத்தில் நேரடியாகப் போல்ட்டை இறக்கிவிட்டு, வாஷருக்கு அடியில் கொஞ்சம் புட்டி அப்பியிருந்தார்கள். புட்டி இரண்டு வருடம் தாங்கும். அப்புறம் பதினைந்து வருடம் உப்புத்தண்ணீர் சொட்டுச் சொட்டாக உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கிறது.

உறுதிப்படுத்திக்கொள்ள உள்பக்கத்திலிருந்து 5 மில்லி டிரில் போட்டுப் பார்த்தேன். நல்ல பலகை என்றால் டிரில் பிட்டோடு காய்ந்த வெள்ளைத் தூள் வரும். இங்கே வந்தது காபிச் சக்கை மாதிரி ஈரச் சேறு. புளித்த வாடை வேறு. ஆறு இடத்தில் போட்டதில் நான்கில் அதே சக்கை. இரண்டு ஓரம் மட்டும் தப்பித்திருந்தன. ஓரத்தை விட்டுவிட்டு நடுவை மட்டும் மாற்றலாமா என்று வள்ளக்காரன் கேட்டான். கூடாது. பாதிப் பலகை பழசாகவும் பாதி புதுசாகவும் இருந்தால், எஞ்சின் குலுக்கும்போது இணைப்பில்தான் முறியும்.

வெட்டுவதற்கு முன் செய்த இரண்டு காரியத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலபேர் விட்டுவிடுவது இதைத்தான். முதலாவது, பின்பலகையின் உருவத்தைப் பழைய அட்டைப்பெட்டியில் வரைந்து வெட்டி வைத்தேன். எஞ்சின் உட்காரும் மேல்விளிம்பின் உயரத்தை ஒரு குச்சியில் வெட்டுக்குறி போட்டு எடுத்தேன். உயரம் அரை அங்குலம் ஏறினாலும் எஞ்சினின் காற்றாடி தண்ணீரைச் சரியாகப் பிடிக்காது. இரண்டாவது, வள்ளத்தின் இரண்டு பக்கச் சுவரையும் ஒரு குறுக்குக் கட்டையால் முட்டுக்கொடுத்து இறுக்கினேன். பின்பலகை போனதும் பக்கங்கள் விரிந்துகொள்ளும். விரிந்த நிலையில் புதுப்பலகையை ஒட்டினால், வள்ளம் காலமெல்லாம் கோணல்தான்.

டிசம்பர் 6, 7 இரண்டு நாளும் வெட்டுதான். உள்தோலை ஓரத்தில் கொஞ்சம் விட்டு கிரைண்டரால் கீறி, நெம்புகோலால் பிய்த்தேன். வெளித்தோலைத் தொடவில்லை. அதுதான் புதுப்பலகைக்கு அச்சு. உள்தோல் சட்டம் கழன்றதும் பலகை தானாகவே கட்டி கட்டியாக விழுந்தது. ஓரத்தில் ஒட்டியிருந்ததை உளியால் சுரண்டினோம். என்கூட வேலை செய்தது அக்கா மகன், பத்தொன்பது வயது. லெஃப்ட் விங்கில் ஆடுவான். இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் 2019-ல் இந்திய அணிக்கு ஆடியதிலிருந்து எங்கள் கரைப் பையன்கள் ஒவ்வொருவருக்கும் தான்தான் அடுத்த ஆள் என்ற நினைப்பு. இவனுக்குக் கொஞ்சம் அதிகம். சுரண்டும்போதே காலில் ஒரு தேங்காய்க் குரும்பையைத் தட்டிக்கொண்டிருந்தான்.

“மாமா, இந்தத் தூசி அரிக்குது.”

“தேய்க்காதே. முதலில் பச்சைத்தண்ணீரில் கழுவு. தேய்ச்சா கண்ணாடித் தூள் தோலுக்குள்ளே போகும்.”

முழுக்கை சட்டை, கண்ணாடி, மூக்குக்கு மாஸ்க். இதெல்லாம் எனக்கு நாற்பது வயதில்தான் புத்தியில் ஏறியது. அவனுக்காவது இப்போதே ஏறட்டும்.

பலகையை எடுத்ததும் கீழே இருந்த மிதவை அறை தெரிந்தது. அதையும் திறந்தேன். வள்ளக்காரன் முகம் மாறியது, செலவு ஏறுகிறதே என்று. ஆனால் 2017 நவம்பர் 30-க்குப் பிறகு, எந்த வள்ளத்தைத் திறந்தாலும் மிதவை அறையைப் பார்க்காமல் நான் மூடுவதில்லை. ஒக்கிப் புயலில் கவிழ்ந்த வள்ளத்தின் மேல் தொற்றிக்கொண்டு உயிர் பிழைத்து வந்தவர்கள் எங்கள் கரையில் இருக்கிறார்கள். வள்ளம் கவிழ்ந்தாலும் மூழ்காமல் நிற்க வேண்டும் என்றால் இந்த அறைதான் காப்பு. உள்ளே இருந்த தெர்மோகோல் தண்ணீர் குடித்துக் கனத்திருந்தது. ஒரு கட்டியை எடுத்துப் பிழிந்தேன், கை நனைந்தது. வள்ளக்காரன் ஒன்றும் பேசவில்லை. “மாத்திருங்கண்ணே” என்றான்.

அடுத்தது உலர்த்தல். இதில்தான் பொறுமை வேண்டும். மாண்டஸ் புயல் அப்போது வங்கக்கடலில் இருந்தது, 9-ந்தேதி ராத்திரி மாமல்லபுரம் பக்கம் கரையேறியது. எங்கள் பக்கம் புயல் இல்லை. ஆனால் காற்றில் ஈரம், துணி காய மறுத்தது. ஈரத் தோலின்மேல் ரெசின் போட்டால் ஒட்டின மாதிரி இருக்கும், ஒரு வருடத்தில் தகடாக உரிந்து வரும். அதனால் பட்டறைச் செட்டைச் சுற்றித் தார்ப்பாய் கட்டி, இரண்டு ஹாலஜன் விளக்கை உள்ளே வைத்து, ஒரு மின்விசிறியும் போட்டு நான்கு நாள் விட்டேன். காய்ந்ததா என்று பார்க்க ஒரு எளிய வழி: ஒரு முழம் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ராத்திரி விடுங்கள். காலையில் தாளின் உள்பக்கம் வேர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. 9-ந்தேதி காலை வேர்த்திருந்தது. 11-ந்தேதி காலை பூசைக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்தேன், வேர்வை இல்லை.

நடுவில் 9-ந்தேதி ராத்திரி நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. குரோஷியாவோடு பிரேசில். கூடுதல் நேரத்தில் நெய்மர் அடித்த கோலைப் பார்த்துவிட்டு நான் எழுந்து நின்று ஆடியதை வள்ளக்காரன் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறான். 117-வது நிமிடம் பெட்கோவிச் சமன் செய்தான். பெனால்டியில் ரோட்ரிகோவின் பந்தை லிவாகோவிச் தடுத்தான், மார்க்கின்யோஸ் அடித்தது கம்பத்தில். கீப்பராக எனக்கு லிவாகோவிச் மேல் மரியாதை. பிரேசில்காரனாக அவனை என் கண்ணில் காட்டாதீர்கள். அதே ராத்திரி அர்ஜென்டினா பெனால்டியில் நெதர்லாந்தைத் தாண்டியது.

காலையில் செட்டுக்கு வந்தால், வள்ளத்தின் முன்பக்கம், அணியத்தில் ஒரு பொட்டலம் இருந்தது. பிரித்தால் நீல நிறமிப் பேஸ்ட், ஒரு கிலோ. கூடவே ஒரு சாயா. பக்கத்தில் ஆளைக் காணவில்லை. சாயாவைக் குடித்தேன்.

12-ந்தேதி புதுப்பலகை. ஐ.எஸ். 710 தர முத்திரை போட்ட மரைன் பிளைவுட், 18 மில்லி, இரண்டு தாள். இதில் காசு மிச்சம் பிடிக்கக் கூடாது. அட்டையை வைத்து வரைந்து, இரண்டையும் வெட்டி, வெட்டின விளிம்புகளுக்கு முதலில் ரெசின் குடிக்கக் கொடுத்தேன். பிளைவுட் தண்ணீர் குடிப்பது விளிம்பு வழியாகத்தான், முகத்து வழியாக அவ்வளவு இல்லை. இரண்டு தாளுக்கும் நடுவில் ரெசினில் நனைத்த ஒரு மேட், அதாவது நறுக்கிய கண்ணாடி நார் விரிப்பு, வைத்து ஒட்டினேன். வெளித்தோலின் உள்முகத்தை 40 நம்பர் உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கி, ரெசினில் நறுக்கிய நாரும் டால்க் பவுடரும் கலந்த கெட்டிப் புட்டியைத் தோசை மாவு மாதிரிப் பரப்பி, பலகையை அழுத்தி, போல்ட்டும் கட்டையும் போட்டு இறுக்கினேன். நான்கு பக்கமும் புட்டி பிதுங்கி வர வேண்டும். பிதுங்காத இடத்தில் உள்ளே காற்று இருக்கிறது என்று அர்த்தம். பிதுங்கியதை வழித்தெடுத்து, பலகையும் அடியும் சேரும் மூலையில் விரலால் இழுத்து வளைவாக்கிவிட்டேன். கண்ணாடி நார் செங்கோண மூலையில் மடங்காது, தூக்கிக்கொண்டு நிற்கும். அடியில் வெற்றிடம் விழும். இந்த வளைவுக்கு என் கொக்கிச் சுண்டுவிரல் அளவெடுத்துச் செய்த மாதிரி. ஒரே இழுப்பு.

அன்றைக்கே மிதவை அறையில் புது ஃபோம் வைத்து மூடியாயிற்று.

இனி நான் செய்த தப்பு.

13-ந்தேதி ராத்திரி, கணக்குப்படி 14 அதிகாலை பன்னிரண்டரைக்கு, அர்ஜென்டினா - குரோஷியா அரை இறுதி. எனக்கு அர்ஜென்டினா வேண்டாம், ஆனால் குரோஷியா தோற்பதைப் பார்க்க வேண்டும். 3-0. இரண்டை ஆல்வாரெஸ் அடித்தான். படுக்கும்போது மூன்று மணி. எழுந்தது பத்து. வழக்கமாக நான் ரெசின் வேலையைக் காலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடித்துவிடுவேன், வெயில் ஏறுவதற்கு முன். அன்றைக்குத் தொடங்கும்போது பதினொன்றரை. மேகம் கலைந்து, தார்ப்பாய்க்குள் அடுப்பு மாதிரி வெந்தது.

ரெசினின் கணக்கு இதுதான். ஒரு கிலோ ரெசினில் முதலில் கோபால்ட் என்கிற ஊதா ஆக்சிலரேட்டரைக் கலந்து நன்றாகக் கிளற வேண்டும். அது முழுக்கக் கரைந்த பிறகுதான் ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட். இரண்டையும் ஒன்றோடொன்று நேராகச் சேர்க்கவே கூடாது, வெடிக்கும். இரண்டு பாட்டிலையும் நான் ஒரே அலமாரியில்கூட வைப்பதில்லை. கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வை போகும், அதனால் ஊசி இல்லாத சிரிஞ்சில்தான் அளப்பேன். காலை நேரம் என்றால் கிலோவுக்கு 15 மில்லி. வெயில் நேரம் என்றால் 10. ஒரு தடவைக்கு ஒரு கிலோவுக்கு மேல் கலக்கக் கூடாது. ரெசின் இறுகும்போது சூடு பிறக்கும். பலகைமேல் பரப்பிவிட்டால் சூடு கலைந்துபோகும். வாளியில் மொத்தமாகக் கிடந்தால் சூடு சூட்டைக் கூட்டும்.

இதையெல்லாம் அக்கா மகனுக்கு ஆயிரம் முறை சொன்ன வாயால், “லேட்டாயிடுச்சு, மூணு கிலோவா கலக்கு” என்றேன். அளவும் காலைக் கணக்குதான் சொன்னேன், 15. அவன் ஒருமுறை என்னைப் பார்த்தான். கலக்கினான்.

முதல் மேட் போட்டு, அதன்மேல் ரோவிங் என்கிற நெய்த கண்ணாடி நார்த் துணி போட்டு, இரண்டாவது மேட்டுக்குப் பாதி நனைத்திருப்போம். பிரஷ் இழுக்க மறுத்தது. கருப்பட்டிப் பாகு ஒரு பதத்தில் கம்பியாக இழுக்குமே, அந்தப் பதம். வாளியைப் பார்த்தால் ஓரத்தில் கூழ் கட்டுகிறது. அடுத்த நிமிடம் நடுவில் புகை.

“மாமா, வாளி புகையுது!”

தூக்கிக்கொண்டு வெளியே ஓடி மணலில் வைத்தேன். வாளி அடி உருகி இளகியிருந்தது. உள்ளே இருந்த ரெசின் மஞ்சள் பாறையாகி, படார் படாரென்று வெடிப்பு விட்டது. செட்டுக்குள் திரும்பினால், இரண்டாவது மேட்டில் பாதி ஒட்டிக்கொண்டு பாதி வெள்ளை வெளேரென்று வறண்டு தூக்கி நின்றது. ரோலர் அதிலேயே ஒட்டிக்கொண்டது. இரண்டு கிலோவுக்கு மேல் ரெசின், ஒரு ரோலர், ஒரு பிரஷ், ஒரு வாளி. இவ்வளவுக்கும் காரணம் குரோஷியா தோற்பதைப் பார்க்க எனக்கு இருந்த ஆசை.

வெள்ளையாக நிற்கும் இடத்துக்கு மேலே புது ரெசினை ஊற்றி மூடிவிடலாம் என்று ஒரு யோசனை வரும். எனக்கும் வந்தது. வெளியே பார்த்தால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் நாரும் ரெசினும் சேராத இடம் வெறும் துணிதான், அதற்குப் பலம் கிடையாது. 15-ந்தேதி முழுக்க கிரைண்டரோடு உட்கார்ந்து, முந்தின நாள் போட்டதையெல்லாம் மரம் தெரியும் வரை அரைத்தெடுத்தேன். அக்கா மகன் ஒரு வார்த்தை பேசவில்லை. தேங்காய்க் குரும்பையையும் தொடவில்லை. மத்தியானம் சோறு தின்னும்போது மட்டும், “பத்து மில்லிதானே மாமா வெயிலுக்கு?” என்றான். ஆமாம் என்றேன்.

16-ந்தேதி காலை ஆறேகால். ஒரு கிலோ, ஒரு கிலோவாக. அவன் கலக்க, நான் பரப்பினேன். வெட்டி விட்டிருந்த பழைய உள்தோலின் ஓரத்தைச் சாய்வாகச் சீவியிருந்தேன். தோல் 5 மில்லி தடிமன் என்றால் அதற்குப் பன்னிரண்டு மடங்கு, 6 சென்டிமீட்டர் சாய்வு. இந்தச் சாய்வுமேல்தான் புதுசும் பழசும் கைகோர்க்கிறது. செங்குத்தாக வெட்டி ஒட்டினால் விளிம்பிலேயே விரிசல் விடும். சதுர மீட்டருக்கு 450 கிராம் மேட், அதன்மேல் 610 கிராம் ரோவிங், மறுபடி மேட் என்று மாற்றி மாற்றி ஏழு அடுக்கு. நான்கு மேட், மூன்று ரோவிங். ஒவ்வொரு அடுக்கும் முந்தினதைவிட ஒரு அங்குலம் பெரிதாக, அடியிலும் பக்கச் சுவரிலும் ஏறி உட்கார வேண்டும். மேட் நனைந்தால் வெள்ளை போய்க் கண்ணாடியாகும், அடியில் இருக்கும் மரத்தின் ரேகை தெரியும். தெரியாத இடத்தில் ரோலரை இன்னும் இரண்டு ஓட்டு ஓட்ட வேண்டும். ரெசினை அதிகம் ஊற்றுவதாலும் பலம் வராது. நாருக்குத் தேவையான அளவுதான், மிச்சம் கனமும் உடைசலும்.

எட்டே முக்காலுக்கு ஏழாவது அடுக்கு முடிந்தது. செட் முழுக்க அந்த நெடி. எனக்கு அது பழகிப்போன வாசனை, வீட்டில்தான் திட்டுவார்கள்.

மறுநாள் போல்ட் துளை. இந்த வள்ளம் கெட்டதே இந்தத் துளையால்தான் என்பதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். போல்ட் 10 மில்லி என்றால், நான் 16 மில்லித் துளை போடுவேன். அதைக் கெட்டி ரெசின் புட்டியால் முழுக்க அடைத்து இறுகவிட்டு, அதன் நடுவில் 10 மில்லித் துளை. இப்போது போல்ட்டைச் சுற்றி 3 மில்லிக்கு ரெசின் சுவர். தண்ணீர் வாஷரைத் தாண்டினாலும் மரத்தைப் பார்க்காது. கூடுதல் வேலை ஒரு மணி நேரம். 2005-ல் யாராவது இந்த ஒரு மணி நேரத்தைச் செலவழித்திருந்தால் இந்த வள்ளம் என் செட்டுக்கே வந்திருக்காது.

அன்று மத்தியானம் நிறம். ஜெல்கோட் என்கிற மேல்பூச்சு ரெசினில் வெள்ளைப் பேஸ்ட் கலந்து, அதில் நீலத்தைக் குச்சி நுனியால் சொட்டுச் சொட்டாக விட்டேன். ஒரு சொட்டு கூடினால் வெளிர் நீலம் போய் போலீஸ் ஜீப்பின் நீலமாகிவிடும். உடைந்த ஓட்டுத்துண்டில் தடவித் தடவிப் பார்த்தேன். வள்ளக்காரன் போனில் மெஸ்ஸி படத்தை வைத்துக்கொண்டு தலைக்கு மேலே நின்றான். “இன்னும் கொஞ்சம் வானம் மாதிரிண்ணே.” எந்த நேரத்து வானம் என்று கேட்டேன். கடைசிப் பூச்சில் மெழுகுக் கரைசல் சேர்க்க மறக்கக் கூடாது. சேர்க்காவிட்டால் காற்றுப் பட்ட மேல்முகம் முழுசாக இறுகாமல் பிசுபிசுவென்று நிற்கும், மணல் ஒட்டிக்கொள்ளும்.

மூன்று நீலப்பட்டை, இரண்டு வெள்ளைப்பட்டை. கை நடுங்காமல் நேராக வந்தது, எனக்கே கொஞ்சம் பெருமை. பட்டைக்கு அடியில், எஞ்சின் பிடி மூடிவிடும் இடத்தில், விரல் நகம் அளவுக்கு மஞ்சளும் பச்சையும் ஒரு தீற்று வைத்தேன். கூட நின்ற அக்கா மகன் பார்த்துவிட்டான். வாயைத் திறக்கவில்லை.

18 ராத்திரி எட்டரை மணிக்கு ஆட்டம் தொடங்கியபோது வள்ளம் திரைக்கு இடப்பக்கம் உருளைக் கட்டைமேல் நின்றது, சுற்றிலும் கிறிஸ்துமஸ் பல்பு. 80 நிமிடம் வரை பிரான்ஸுக்கு எதிராக அர்ஜென்டினா 2-0. பிரான்ஸின் எம்பாப்பே இரண்டு நிமிடத்துக்குள் இரண்டு அடித்தபோது வள்ளக்காரன் போய் வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். கூடுதல் நேரத்தில் 3-3. கடைசி நொடியில் கோலோ முவானி தனியாக வந்தான், முன்னால் கீப்பர் மட்டும். மார்டினெஸ் விழவில்லை. உடம்பை அகல விரித்து இடது காலை நீட்டினான், பந்து அதில் பட்டுப் போனது. நான் எப்போது எழுந்தேன் என்று தெரியாது, எழுந்து கத்திக்கொண்டிருந்தேன். பெனால்டியில் அர்ஜென்டினா 4-2. வள்ளக்காரன் என்னைக் கட்டிப்பிடித்தான். “நீங்களும் கத்தினீங்கண்ணே, நான் பார்த்தேன்.” கீப்பருக்காகக் கத்தினேன் என்றால் நம்பவா போகிறான்.

20-ந்தேதி செவ்வாய் காலை கடலில் இறக்கினோம். எஞ்சினை மாட்டி, முதலில் பாதி வேகம், அப்புறம் முழு வேகம். நான் பின்பக்கம் குனிந்து, பின்பலகை மேல்விளிம்பில் உள்ளங்கையை வைத்துக்கொண்டே போனேன். முன்பு எஞ்சின் முறுக்கினால் பலகை மூச்சு விடுகிற மாதிரி அசையும் என்று வள்ளக்காரன் சொல்லியிருந்தான். இப்போது அதிர்வு மட்டும்தான், அசைவு இல்லை. கரைக்கு வந்து அடியைப் பார்த்தால் ஒரு சிரட்டை அளவு தண்ணீர். நெஞ்சு திக்கென்றது. நக்கிப் பார்த்தேன், உப்பு. தேடினால், அடியில் இருக்கும் வடிகால் அடைப்பான். அதன் ரப்பர் வாஷர் பழசு, நான் மாற்றவே இல்லை. கடையில் பத்து ரூபாய்ச் சாமான்.

அக்கா மகன் வாஷர் வாங்க சைக்கிளில் போனான். நான் சட்டைப்பையிலிருந்து துட்டை எடுத்து, நீலப்பட்டைமேல் இடமிருந்து வலமாகத் தட்டிக்கொண்டே வந்தேன். டங், டங், டங். வலது ஓரம், கீழ் மூலையில் ஒரு இடம் மட்டும் கொஞ்சம் மந்தமாகக் கேட்டது. இரண்டு தடவை தட்டினேன். புட்டி அங்கே தடிப்பாக இருக்கிறது, அதனால்தான் என்று நினைக்கிறேன். பென்சிலால் ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். ஈஸ்டருக்கு மறுபடி தட்டிப் பார்க்க வேண்டும்.